ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்த வீடு

அத்தியாயம் 11

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, மடியில் திரு இருதய ஆண்டவர் படத்தை அணைத்தபடி உட்கார்ந்த லூர்துராஜைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அந்தப் படத்தைச் சுமந்துகொண்டிருக்கிறார். இறக்கி வைப்போம்.

பஹ்ரைனில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று பெட்டி கட்டிக்கொண்டு வந்தவர் அவர். தகரமும் பிளாஸ்டிக்கும் சேர்த்து ஒட்டிய கேம்ப் அறையில், ஏசி மிஷினின் இரைச்சலுக்கும் பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டைக்கும் நடுவே படுத்துக் கிடந்தவருக்கு ஒரே ஒரு ஆசை. கடைசிக் காலத்தில் மரத்துக்குள் தூங்க வேண்டும். தேக்குத் தூண், பலகைச் சுவர், பலகை மச்சு, மேலே நாட்டு ஓடு. காரைக்குடிப் பக்கம் இடித்த பழைய வீடுகளிலிருந்து தூணும் உத்திரமும் வாங்கி, ஆணி அடிக்காமல் மர முளை வைத்தே சேர்த்த வீடு. மேலூரைத் தாண்டி, கள்ளிமேட்டுப்பட்டிக்கு ஒதுக்குப்புறமாக நிற்கிறது.

கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள். லூர்துராஜ் இரண்டையும் லீவில் வந்து செய்தவர். மீதி நாளெல்லாம் கல்யாணத்தை மனைவி ஞானமும், வீட்டை மச்சினன் ஜோவும் பார்த்துக்கொண்டார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்கிறார். மகள் ஐரின் திருச்சியிலிருந்து வருகிறாள். மாப்பிள்ளைக்குத்தான் கம்பெனி வேலையாம், இந்தத் தடவையும் வர முடியாதாம்.

"அதுக்கு முன்னாடி ஒரு எட்டுப் போயி படத்தை மாட்டிட்டு வாரேன்" என்று காலையில் லூர்துராஜ் சொன்னபோது, டீச்சர் வேலைக்குப் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த ஞானம் சேலை மடிப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"இன்னைக்கு எதுக்குங்க? ஞாயித்துக்கிழமைதான் எல்லாரும் போறோம்ல."

"சரி" என்றார். அவள் தெருமுனை தாண்டியதும் படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வயதிலும் மனைவிக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்வதில் ஒரு சந்தோஷம்.

அந்த நிலத்துக்கு எப்போதுமே ஞாயிற்றுக்கிழமைதான் போவார்கள். முதல் தடவை தற்செயல். அவருக்கு லீவு இருக்கும், ஞானத்துக்கும் ஜோவுக்கும் லீவு இருக்க வேண்டுமே. பூசை முடிந்ததும் வாடகைக் கார், தூக்குவாளியில் எலுமிச்சைச் சாதம், ஒரு பாய். பிறகு அது வழக்கமாகிவிட்டது. போன லீவில் தூண்கள் நின்று மச்சு ஏறியிருந்த சமயத்தில்கூட நான்கு ஞாயிறு போனார்கள், நான்கே தடவைதான் வீட்டைப் பார்த்தார்.

"எம்புட்டு அமைதி பாரு" என்பார் ஒவ்வொரு தடவையும். ஞானமும் ஜோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்களும் ரசிக்கிறார்கள் என்று இவர் நினைத்துக்கொள்வார்.

ஒருநாள் மட்டும் கேட்டார். "புளியமரத்து எலையெல்லாம் வெளுத்துக் கெடக்கே, ஏன்?"

"பனியா இருக்கும்" என்றாள் ஞானம்.

உச்சிவெயிலில் என்ன பனி என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு அவருக்கு ஊர் மறந்து போயிருந்தது.

மேலூரில் இறங்கி ஆட்டோ பிடித்தார். ஆட்டோ மண் ரோட்டில் திரும்பும்போது எதிரே ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. இன்னொன்றும் போனது. யாரோ வீடு கட்டுகிறார்கள்போல, நல்லது, ஊர் வளரட்டும் என்று மனதார வாழ்த்தினார்.

வீடு கண்ணில் பட்டதும் ஆட்டோவை அங்கேயே நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தார். சும்மா சொல்லக் கூடாது, அழகான வீடுதான். எண்ணெய் தேய்த்த தூண்கள் வெயிலில் தேன் நிறத்தில் நின்றன. கதவைத் திறந்தால் பழைய தேக்கின் வாசனை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைத் தரையில் கால் வைத்தார். கேம்பில் கட்டிலை விட்டு இறங்கினால் சிமெண்டுத் தரை சில்லென்று கடிக்கும். இங்கே மரம் பாதத்தை ஏந்திக்கொண்டது. நடுக்கூடத்தில் நின்று, "ஆண்டவரே" என்றார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பின்பக்கமிருந்து காவலுக்கு இருக்கும் பேயாண்டி ஓடி வந்தான். கும்பிடக்கூட மறந்துவிட்டான்.

"அண்ணே, இன்னைக்கு செவ்வாக்கெழமைல்ல? என்ன இன்னைக்கு வந்திருக்கீக?"

"ஏன், செவ்வாக்கிழமை வந்தா வீடு விடாதா?"

"அதுக்கில்லண்ணே. ஜோ அண்ணே ஒண்ணும் சொல்லலையே." அவன் கை வாட்சைப் பார்த்தான். "வாங்கண்ணே, மேலூர் வரைக்கும் போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்துருவோம். இங்க வெக்கையா இருக்கு."

"இப்பத்தானய்யா மேலூர்ல இருந்து வாரேன்."

"அப்ப கம்மாய்ப் பக்கம் போவோம். தண்ணி நல்லாக் கெடக்கு."

லூர்துராஜ் சிரித்துக்கொண்டே வேட்டியைப் பிரித்துப் படத்தை எடுத்தார். கூடத்துச் சுவரில் படம் மாட்டுவதற்கென்றே ஆசாரி ஒரு முளை வைத்துவிட்டுப் போயிருந்தார். ஜோ போனில் சொல்லியிருந்தான். அந்த முளையைத் தேடிக்கொண்டிருக்கும்போது எங்கோ தூரத்தில் நீளமாக ஒரு விசில் கேட்டது. திரும்பவும் கேட்டது.

பேயாண்டி அவர் முழங்கையைப் பிடித்துவிட்டான். "அண்ணே, வெளிய வந்துருங்க."

"என்னய்யா?"

அவன் பதில் சொல்வதற்குள் தரை பதில் சொன்னது. முதலில் உள்ளங்காலில் ஒரு குத்து. அப்புறம்தான் சத்தம். வீட்டுக்குப் பின்னால் நின்ற பாறைக் கரட்டுக்கு அந்தப் பக்கம் பூமி வாய்விட்டு அலறியதுபோல இருந்தது. தூண்கள் முனகின. மச்சுப் பலகைகளின் இடுக்குகளிலிருந்து மாவு சலித்ததுபோலத் தூசி கொட்டியது. கூரையில் ஒரு ஓடு சறுக்கி, தாழ்வாரத்தில் விழுந்து உடைந்தது. இரண்டாவது வெடி. மூன்றாவது.

லூர்துராஜ் படத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கூடத்தின் நடுவில் குனிந்து உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அம்புட்டுத்தாண்ணே" என்றான் பேயாண்டி. "இனி சாயங்காலந்தான்."

"என்ன இது?"

"கல் குவாரிண்ணே. கரட்டுக்கு அங்கிட்டு. மத்தியானம் ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா வெடி போடுவாங்கெ. ஞாயித்துக்கெழம மட்டும் கெடையாது."

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. லூர்துராஜ் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"எம்புட்டு நாளா?"

பேயாண்டி தலையைச் சொறிந்தான். "நீங்க போன தடவ வந்தீகள்ல. அதுக்கு முன்னயே வந்துருச்சு."

"ஜோவுக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படிண்ணே. நழுவுற ஓட்டையெல்லாம் அவுகதான ஆள் கூட்டியாந்து சரி பண்ணிட்டு இருக்காக."

"டீச்சருக்கு?"

"தெரியும்ணே. டீச்சரம்மா மத்த நாள்ல வந்தா காரை விட்டே எறங்க மாட்டாக. கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு உள்ளயே இருப்பாக. மூச்சு எளைக்கும்ல, இந்தத் தூசி அவுகளுக்கு ஆகாதுன்னு டாக்டரு..."

அவன் நிறுத்திக்கொண்டான். அவர் முகத்தைப் பார்த்ததும், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்துபோனது.

"எந்த டாக்டரு?" என்று லூர்துராஜ் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

"நான் போயி ஜோ அண்ணனுக்கு ஒரு போன் போட்டுட்டு வாரேன்" என்று பேயாண்டி பெட்டிக்கடையைப் பார்த்து நடையைக் கட்டினான்.

ஜோ பைக்கில் வந்து சேர்ந்தபோது லூர்துராஜ் தாழ்வாரத்தில் உடைந்த ஓட்டின் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ஜோ, ஞானத்தின் தம்பி. வேறொரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கிளார்க். அத்தான் லீவில் வந்து சொல்லிவிட்டுப் போன வீட்டை, லீவு போட்டுப் போட்டுக் கட்டி முடித்தவன்.

"உக்காரு மாப்ள" என்றார் லூர்துராஜ். "ஒண்ணு கேக்குறேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருந்தா என்ன? வேலையை நிப்பாட்டியிருப்பேன்ல."

"தூணெல்லாம் நிறுத்துனதுக்கு அப்புறந்தான் அத்தான் அங்க குவாரி வந்துச்சு. ஊர்க்காரங்களோட சேந்து நாங்களும் அலைஞ்சு பாத்தோம். ஒண்ணும் நடக்கல."

"அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்."

"சொல்லத்தான் போனேன். ரெண்டு தடவை போனைக் கையில எடுத்தேன். அக்கா வாங்கி வச்சிருச்சு." ஜோ தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வாரா வாரம் நீங்க கேப்பீங்க, வீடு எப்படி இருக்குன்னு. நல்லா இருக்கு அத்தான்னு சொல்லுவேன். சொல்லிட்டு போனை வச்சா அன்னைக்கு சோறு எறங்காது. உங்களை ஏமாத்தணும்னு இல்ல அத்தான். உங்க சந்தோசத்தைக் கெடுக்க மனசு வரல."

"ஞானத்துக்கு மூச்சிரைப்பா?"

ஜோ நிமிர்ந்தான். "பேயாண்டி சொல்லிட்டானா?"

"பேயாண்டிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல."

ஜோ ஒரு ஓட்டுத் துண்டை எடுத்து அடுக்கில் வைத்தான். "ஆசாரி சொன்னாரு" என்றான். "ஆணி அடிக்காத வீடு. முளையைத் தட்டினா வந்த மாதிரியே பிரிச்சு எடுத்துரலாமாம். வேற எங்கயாச்சும் கொண்டு போயி..."

"எங்க கொண்டு போயி வைக்க மாப்ள? எனக்கு இங்க எந்த இடம் என்ன ஆச்சுன்னே தெரியலையே."

வருத்தம் என்று ஒன்று வந்தால் அது வீட்டோடு நிற்குமா? பைக்கின் பின்னால் படத்தோடு உட்கார்ந்து வரும்போது லூர்துராஜின் மனசு பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. வாரா வாரம் கேட்ட "எல்லாரும் நல்லா இருக்கோம்" ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றையாவது நம்ப முடியுமா? அழகான வீட்டைக் கட்டினேன், ஆனால் யார் குடியிருக்க என்று ஒரு நாளாவது கேட்டேனா? கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அது அழுகையாக மாறியது. நல்லவேளை, பைக்கில் காற்று பலமாக அடித்தது.

"அக்கா உங்களுக்கு ஏதோ வாக்குக் குடுத்திருக்காம்" என்றான் ஜோ, ஒரு சிக்னலில் நின்றபோது. "கேட்டா, அதை அவருக்குக் குடுத்துட்டேன்னு மட்டும் சொல்லும்."

"எங்கிட்ட என்ன வாக்கு?"

"எனக்கென்ன தெரியும்."

பழங்காநத்தத்தில் அவர்கள் குடியிருப்பது கடைகளுக்கு மேலே ஒரு மாடி வீடு. சாயங்காலம் ஞானம் வந்தபோது லூர்துராஜ் படியின் மேல் முனையில் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நாலு படி ஏறினாள், நின்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். மறுபடி நாலு படி.

ஊருக்கு வந்து இத்தனை நாளில் அவள் படியேறி அவர் பார்த்ததே இல்லை. 'நீங்க முன்னாடி போங்க, கீழ காய் வாங்கிட்டு வாரேன்' என்பாள். தினமும் ஏதாவது காய் வாங்கினாள்.

உள்ளே வந்ததும் மேஜைமேல் இருந்த படத்தைப் பார்த்தாள். கண்ணாடி முழுக்க வெள்ளைத் தூசி. அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"போயிட்டு வந்தீங்களா?" என்றாள். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைக்கப் போனாள்.

"அதைத் தொடாத" என்றார் லூர்துராஜ்.

ஆனால் அவள் தொட்டுவிட்டாள். தூசி கிளம்பி முகத்தில் அடித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. நிற்காத இருமல். நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம். அவள் ஓடிப்போய் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டு இன்ஹேலரை எடுத்து, வாயில் வைத்து இழுத்தாள். தினமும் அந்த மாதாவுக்கு முன்னால்தான் இரண்டு பேரும் ஜெபமாலை சொல்கிறார்கள்.

மூச்சு சீராகும்வரை அவர் காத்திருந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"எத்தனை வருஷமா?"

"அது கெடக்கு."

"அந்த வீட்டுல போயி எப்படி ஞானம் இருக்கப்போற?"

"இருந்துக்கலாம்னு நெனச்சேன்" என்றாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. "சன்னலையெல்லாம் சாத்திக்கிட்டு இருந்துட்டாப் போச்சு. நீங்க எம்புட்டு வருஷமா ஆசைப்பட்ட வீடு. அதுல நாலு நாளாவது உங்களைச் சந்தோசமாப் பாத்துட்டா எனக்குப் போதும்."

லூர்துராஜுக்கு வெடி போட்டவர்கள்மீது இல்லாத கோபம் அவள்மீது வந்தது.

"யாரு உன்னைச் சொல்ல வேண்டாம்னா? வீடு போனாப் போகுது. உன் உசுரைப் பத்தி எங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு யாரு சொன்னா?"

ஞானம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். குத்திக்காட்டும் பார்வை இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"நீங்கதாங்க."

"நானா?"

"அத்தை செத்தப்ப."



அவரைப் பெற்ற அம்மா செத்தபோது கேம்புக்குப் போன் வந்தது. வரிசையில் நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாஸ்போர்ட்டு கம்பெனியில் இருந்தது, உடனே கிளம்ப வழியில்லை. மண் போடக்கூட வர முடியாத பிள்ளை. அந்த வேதனையில் அவர் போனில் சொன்னது இப்போது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது.

ஞானம் அதைத் திருப்பிச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவளைப்போல. "'இனிமே நல்ல சேதி இருந்தா மட்டும் சொல்லு ஞானம். கெட்ட சேதி எதுவும் வேண்டாம். இங்க இருந்துக்கிட்டு என்னால ஒண்ணும் செய்ய முடியல. இன்னொரு தடவை இப்படி ஒரு போன் வந்தா நான் செத்துருவேன். எனக்குச் சத்தியம் பண்ணு.' பண்ணுனேன். நீங்க அங்க தனியாக் கெடக்குறீங்க. வேற என்ன செய்ய?"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். லூர்துராஜ் கூரையையே போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் தன்னை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று மத்தியானம் முழுக்கக் கொதித்தாரே, அவர்கள் அவர் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள். அவர் தாங்க மாட்டார் என்று ஒருத்தி தனியாக எல்லாவற்றையும் தாங்கியிருக்கிறாள். நல்ல சேதி மட்டும் கேட்டுக் கேட்டு, நல்ல சேதி மட்டுமே நடக்கும் ஒரு ஊரில் அவர் வீடு கட்டியிருக்கிறார்.

அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார். "தப்புப் பண்ணிட்டேன் ஞானம்" என்றார். "தாங்க முடியாதவன்னு உங்களையெல்லாம் நம்ப வச்சுட்டேன்."

அவள் அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டப் போய், ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். அவருக்கு அழுகையிலும் சிரிப்பு வந்தது. எழுந்து போய் குழாயடியில் தலையை நனைத்துத் துடைத்துக்கொண்டு வந்தார். படத்தையும் கழுவி, ஈரத்துணியால் துடைத்து, பழைய இடத்திலேயே, இந்த வாடகை வீட்டுச் சுவரிலேயே மாட்டினார்.

"அந்த வீட்டுக்கு நாம போகல" என்றார். "நாளைக்குச் சாமியாரைப் பாத்துச் சொல்லிருவோம்."

"அம்புட்டு மரத்தையும் என்ன செய்வீங்க?"

"தெரியல. யோசிப்போம். இப்ப அது இல்ல விஷயம்." அவள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "சத்தியத்தைத் திருப்பிக் குடுத்துரு. நான் வந்துட்டேன். இனிமே போக மாட்டேன். எங்கிட்டச் சொல்லாம விட்டது வேற என்ன இருந்தாலும் இன்னைக்கே சொல்லிரு."

"நிசமாத்தான் கேக்குறீங்களா?"

"நிசமாத்தான்."

ஞானம் எழுந்து போய் அடுப்பில் வைத்திருந்த பாலை இறக்கினாள். தெருவைப் பார்த்த கதவைச் சாத்தினாள். கீழே கடைக்காரர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, ஜன்னலையும் சாத்தினாள். வந்து உட்கார்ந்து, இன்ஹேலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ஐரினைப் பத்திச் சொல்லணும்" என்றாள்.

லூர்துராஜுக்கு உள்ளங்காலில் மத்தியானம் உணர்ந்த அதே குத்து. மகளும் நல்லா இருக்கேன் என்று ஞாயிற்றுக்கிழமை போனில்தான் சொல்வாள். ஏர்போர்ட்டுக்கு வராத மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையும் வரப்போவதில்லை என்ற மாப்பிள்ளை, இரண்டு வருஷமாகக் கம்பெனி வேலை ஓயாத மாப்பிள்ளை.

'வேண்டாம் ஞானம், அப்புறம் சொல்லு' என்ற பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அவர் விழுங்கினார். விழுங்குவதற்கு நேரம் பிடித்தது.

"சொல்லு" என்றார்.